லோனில் போன ஃபெர்குசன்: பார்க்ஹெட்டில் இரண்டு கோல், இனி என்ன?

ராத்திரிக்கண் (12 டிசம்பர் 2025, அதிகாலை 4:05)

ஒன்றரை மணி ஆட்டத்தை மூன்றரை வரை பார்த்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். செல்டிக் 0, ரோமா 3. ஆறாவது நிமிடத்திலேயே கார்னரில் வந்த பந்தை லியாம் ஸ்கேல்ஸ் தன் வலைக்குள்ளேயே போட்டுவிட்டார், அதற்கப்புறம் இடைவேளைக்குள் ஈவன் ஃபெர்குசன் இரண்டு, இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து இத்தாலியின் ரோமாவுக்கு லோனில், அதாவது இரவலாக, வந்திருக்கும் அதே ஸ்ட்ரைக்கர். ஒரு அயர்லாந்துக்காரர் தப்பான பக்கம் ஒன்று, இன்னொரு அயர்லாந்துக்காரர் சரியான பக்கம் இரண்டு. அதுவும் எங்கே? பஞ்சம் பிழைக்க கிளாஸ்கோ வந்த அயர்லாந்துக்காரர்களுக்காக 1887இல் தொடங்கிய செல்டிக்கின் பார்க்ஹெட் மைதானத்தில்.

2023 செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக 18 வயதில் ஹாட்ரிக் அடித்தானே, அன்றிலிருந்து நான் இவன் பக்கம். நடுவில் எல்லோரும் கைவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள், பையன் திரும்பி வந்துவிட்டானா இல்லையா?

ஆஃப்சைடு அண்ணாச்சி (காலை 7:20)

தம்பி, முதலில் தூங்கி எழுந்து வா. செல்டிக் இப்போது இருக்கிற கோலத்தில் கோலுக்கு முன்னால் அந்தப் பெட்டிக்குள் நின்றால் நானே ஒன்று அடித்திருப்பேன். புதுக் கோச் வில்ஃப்ரிட் நான்சி வந்து இது இரண்டாவது ஆட்டம்தான், முதல் ஆட்டம் ஹார்ட்ஸிடம் தோல்வி. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை இத்தாலி லீகான செரீ ஆவில் ஃபெர்குசன் அடித்தது எத்தனை? ஒன்று. நவம்பர் 23, கிரெமோனேசே டீமுக்கு எதிராக. அதைச் சொல்லாமல் நேற்று ராத்திரியை மட்டும் பேசினால் எப்படி?

ராத்திரிக்கண் (காலை 11:40)

அண்ணாச்சி, நீங்கள் பெட்டிக்குள் நின்றால் முழங்கால் கழன்றுவிடும் 😄

கடற்காகம்07 (மதியம் 12:15)

பிரைட்டன் ரசிகன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவனைப் பற்றிப் பேசுகிற யாரும் கணுக்காலைப் பற்றிப் பேசுவதில்லை. வரிசையாகப் பாருங்கள். 2022 டிசம்பர் 31, ஆர்சனலுக்கு எதிராக முதல் பிரீமியர் லீக் கோல். மூன்றே நாளில் எவர்ட்டன் மைதானத்தில் இன்னொன்று. அந்த சீசன் லீகில் ஆறு, எல்லாம் சேர்த்துப் பத்து. அடுத்த சீசன் நியூகாசில் ஹாட்ரிக். அதற்குமுன் 18 வயதில் பிரீமியர் லீக் ஹாட்ரிக் அடித்தவர்கள் மூன்றே பேர்: கிறிஸ் பார்ட்-வில்லியம்ஸ், ராபி ஃபவுலர், மைக்கேல் ஓவன். நவம்பரில் 2029 வரை ஒப்பந்தம். அதே மாதம் ஒரு கோல் அடித்தான், அதோடு சரி. அடுத்த கோல் எப்போது தெரியுமா? 2024 அக்டோபர், வுல்வ்ஸுக்கு எதிராக. பதினோரு மாதம்.

அந்தப் பதினோரு மாதத்தை "ஃபார்ம் போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் பாதியில் கணுக்கால் போய் சீசனே முடிந்துபோனது, கோடைகாலம் முழுக்க சிகிச்சை, அடுத்த சீசனுக்கான பயிற்சியும் சரியாகக் கிடைக்கவில்லை. அவன் பலமே முதுகால் தடுப்பாட்டக்காரரைத் தாங்கிக்கொண்டு சட்டென்று திரும்பி அடிப்பதுதான். நியூகாசிலுக்கு எதிரான இரண்டாவது கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். திரும்புவது எதை ஊன்றி? கணுக்காலை ஊன்றி. அதில் நம்பிக்கை போன பையன் ஒரு தொடுதல் அதிகமாகத் தொடுவான், அந்த ஒரு தொடுதலுக்குள் பந்து பறிபோயிருக்கும். 2024இல் ஆட்டத்துக்கு ஆட்டம் அதைத்தான் பார்த்தோம்.

சுத்தியல் சுந்தரம் (மதியம் 1:05)

வெஸ்ட் ஹாம் ரசிகன் வந்தாச்சு, வயிற்றெரிச்சலோடு.

போன பிப்ரவரி அவன் எங்களிடம் லோனில் வந்தபோது ஒன்பதாம் நம்பரே, அதாவது முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கரே, இல்லை. அந்தோனியோ கார் விபத்தில் காலை முறித்துக்கொண்டார், ஃபுல்க்ருக் காயம், போவன்தான் முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோச் யார்? கிரஹாம் பாட்டர், இதே பையனை பிரைட்டனில் முதன்முதலாக இறக்கியவர். எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருந்தது. எட்டு ஆட்டம், பூஜ்யம் கோல். பூஜ்யம் கூடப் பரவாயில்லை, கோலுக்கு ஆபத்து வருகிற மாதிரி எத்தனை தடவை இருந்தது என்று கேட்டால் நான் ஒரு கை விரலை மடக்கவே யோசிப்பேன்.

காயம் என்றால் ஏன் அனுப்பினீர்கள்? முழுசாக ஆறாத பையனை, தடுமாறிக்கொண்டிருக்கிற ஒரு டீமுக்கு, சீசன் பாதியில், "போய் விளையாடி ஃபிட் ஆகிட்டு வா" என்று அனுப்புவது எங்களுக்குச் செய்த உதவியா, உங்கள் பையனுக்குச் செய்த உதவியா?

பென்ச்சில் பரமு (மதியம் 1:12)

வாடகை சைக்கிள் கதைதான். எடுத்தவன் பிரேக் சரியில்லை என்பான், கொடுத்தவன் நீ ஓட்டின லட்சணம் என்பான்.

கடற்காகம்07 (மதியம் 1:30)

சுந்தரம், உங்கள் கேள்வி நியாயம்தான், மறைக்க மாட்டேன். அந்த லோன் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள், உங்களிடம் கோலே இல்லாமல் இருந்த அதே மார்ச் மாதம் டப்ளினில் பல்கேரியாவுக்கு எதிராக அயர்லாந்துக்கு அடித்தான். அதே கால், அதே கணுக்கால், அதே மாதம்.

சுத்தியல் சுந்தரம் (மதியம் 1:41)

அதாவது குற்றம் எங்கள் மேல்தான் என்கிறீர்கள். சரி, அதுவும் எங்களுக்குப் பழக்கம்தான்.

ரோமாபுரி (மாலை 4:50)

நேற்றைய இரண்டு கோலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரோமா கோச் காஸ்பெரினியின் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் வேலை என்ன என்று புரிந்தால்தான் இந்த நாலு மாதம் ஏன் இப்படிப் போனது என்று புரியும்.

மனிதர் அட்டலாண்டாவில் ஒன்பது வருஷம் ஒரே மாதிரிதான் ஆடினார், ரோமாவுக்கு வந்தும் மாறவில்லை. மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள். எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் பந்தைத் தொட்டால் நம் ஒன்பதாம் நம்பர் அவர் மேல் போய் விழ வேண்டும். பந்து நம் கைக்கு வந்ததும் அதே ஆள் முதுகைக் காட்டி வாங்கித் தட்டிக்கொடுக்க வேண்டும், அப்புறம் ஓரத்துக்கு ஓட வேண்டும், அப்புறம் பெட்டிக்குள் வந்து நிற்க வேண்டும். ஒரு வருஷமாகச் சரியாக விளையாடாத பையனுக்கு இது ஆகஸ்ட் வெயிலில் எப்படி இருந்திருக்கும்? போலோன்யாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே தொடக்கத்திலிருந்து இறக்கினார், நன்றாகத்தான் ஆடினான். போகப்போகக் கால் கனத்தது. இன்னொரு ஸ்ட்ரைக்கர் டோவ்பிக்கை உள்ளே விட்டார், டிபாலாவை நடுவில் நிறுத்திப் பார்த்தார். அக்டோபர் கடைசியில் பார்மா ஆட்டத்தில் மறுபடி கணுக்கால்.

அண்ணாச்சிக்கு ஒரு ஞாபகப்படுத்தல்: டுவான் சபாட்டா. 2018இல் சாம்ப்டோரியாவிலிருந்து அட்டலாண்டாவுக்கு வந்தார், அவரும் லோன்தான், வாங்கும் உரிமையோடு. முதல் சில மாதம் கோலே வரவில்லை, அட்டலாண்டாவின் ஊரான பெர்காமோவில் முணுமுணுத்தார்கள். டிசம்பரில் மடை திறந்தது, ஜனவரியில் ஃப்ரோசினோனேவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு, சீசன் முடிவில் லீகில் 23. காஸ்பெரினியிடம் ஸ்ட்ரைக்கர்களுக்கு டிசம்பரில்தான் மூச்சு சீராகும்.

ஆஃப்சைடு அண்ணாச்சி (மாலை 5:25)

சபாட்டாவா? அப்போது அவருக்கு 27 வயது. நேப்பிள்ஸ், உதீனே, ஜெனோவா என்று இத்தாலியிலேயே ஊறின ஆள். மரம் மாதிரி உடம்பு. 21 வயசுப் பையனை அவரோடு நிறுத்தி ஒப்பிட்டால் அது பையனுக்கே நல்லதில்லை.

நான் அவனை மட்டம் தட்டவில்லை, உங்கள் அவசரத்தைத்தான் சொல்கிறேன். 14 வயதில் டப்ளின் கிளப் போஹீமியன்ஸ் சட்டையோடு செல்சிக்கு எதிராக ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினான், அன்றைக்கே எழுத ஆரம்பித்தார்கள். 18இல் ஹாட்ரிக் அடித்ததும் நூறு மில்லியன் என்று விலை போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே ஆட்கள் "முடிந்துபோனான்" என்றார்கள். நேற்று இரண்டு அடித்ததும் "திரும்பி வந்துவிட்டான்". அவன் எங்கே போனான் திரும்பி வர? 21 வயதில் ஒருவன் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்கிறான்.

ராத்திரிக்கண் (மாலை 5:40)

அண்ணாச்சி, கடைசி வரியில் நீங்கள் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள், கவனித்தீர்களா?

ஆஃப்சைடு அண்ணாச்சி (மாலை 5:43)

இல்லை. உன் கட்சி கொடி பிடிக்கிறது, என் கட்சி பொறுத்துப் பார்க்கிறது.

லிஃபிக்கரை (இரவு 9:30)

டப்ளினில் எட்டு வருஷமாக இருக்கிறேன், இங்கே இன்று பேச்சு எப்படி ஓடியது என்று சொல்கிறேன்.

ஆபீசில் பாதிப் பேர் செல்டிக் ரசிகர்கள். காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோற்றது வருத்தம், அடித்தவன் நம்ம பையன், ஸ்கேல்ஸும் நம்ம பையன், எந்தப் பக்கம் அழுவது? ஒருவர் மட்டும் தெளிவாகச் சொன்னார்: மார்ச்சில் பிராகில் செக் அணியோடு அயர்லாந்துக்கு உலகக் கோப்பை பிளேஆஃப் இருக்கிறது, அதற்கு இந்தக் கால் நல்லபடி இருந்தால் போதும், கிளாஸ்கோவில் எத்தனை வாங்கினாலும் பரவாயில்லை என்று.

இங்கே ஃபெர்குசனைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை, கூடவே இன்னொரு அயர்லாந்து ஸ்ட்ரைக்கர் டிராய் பாரட் வந்துவிடுகிறார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில் ஹங்கேரியோடு 0-2 என்று பின்தங்கியபோது முதல் கோலைத் திருப்பியது ஃபெர்குசன். எரவானில் ஆர்மீனியாவிடம் 1-2 என்று தோற்ற அந்தக் கேவலமான ராத்திரியிலும் அடித்தது அவன்தான். அக்டோபரில் அதே ஆர்மீனியாவை 1-0 என்று ஜெயித்ததும் அவன் தலையால். அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்த பையன் நவம்பரில் காயத்தில் வீட்டில். அப்போது பாரட் வந்து போர்ச்சுகலுக்கு இரண்டு, புடாபெஸ்டில் மூன்று, அதில் கடைசியானது 96ஆவது நிமிடம். ஊரே தெருவில் ஆடியது. நானும் ஆடினேன், பக்கத்து வீட்டுக்காரரோடு, அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

நான் சொல்ல வருவது பாரட்டின் லோன் கதை. டாட்டனம் அவரை எங்கெல்லாம் அனுப்பியது? மில்வால், இப்ஸ்விச், எம்.கே. டான்ஸ், பிரஸ்டன். மில்வாலில் ஒரு கோல் இல்லை. "அடுத்த ஹாரி கேன்" என்று சொன்ன வாயெல்லாம் மூடிக்கொண்டது. ஐந்தாவதாக ராட்டர்டாமில் எக்செல்சியருக்குப் போனார், டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, ஆனால் லீகில் பத்து கோல் அடித்தார். அதைப் பார்த்துத்தான் நெதர்லாந்தின் ஏ.இசட். கிளப் வாங்கியது. ஆக லோன் பலன் தந்தது ஐந்தாவது தடவை, அதுவும் இங்கிலாந்தை விட்டு வெளியே.

பென்ச்சில் பரமு (இரவு 9:38)

அயர்லாந்து கோச் ஹால்கிரிம்சன் பல் டாக்டராம். அதனால்தான் ஸ்ட்ரைக்கர் ஒருவர் ஆடினால் இன்னொருவரைக் கட்டிவிடுகிறார்.

லிஃபிக்கரை (இரவு 9:45)

பரமு 😂 இதை நாளைக்கு ஆபீசில் மொழிபெயர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

இன்னொன்று விட்டுப்போனது. இதே இங்கிலாந்துக் கதவு இப்போதைய அயர்லாந்துப் பையன்களுக்குப் பாதி மூடிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதில் கிளப் மாறலாம் என்ற சலுகை பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்களுக்கு இல்லை, 18 முடிய வேண்டும். அதனால்தான் மேசன் மெலியா டாட்டனத்தோடு எப்போதோ கையெழுத்துப் போட்டும் டப்ளின் கிளப் செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக்கிலேயே ஆடிவிட்டு வரும் ஜனவரியில்தான் போகிறான். 16, 17 வயதில் உள்ளூர் லீகில் பெரிய ஆட்களோடு இடித்து விளையாடிவிட்டுப் போவது நல்லதற்கா கெட்டதற்கா என்று இங்கே தினமும் சண்டை. நான் நல்லதற்கு என்கிற பக்கம்.

சுத்தியல் சுந்தரம் (13 டிசம்பர், காலை 8:10)

லிஃபிக்கரை சொன்னதில் "அடுத்த ஹாரி கேன்" என்று வருகிறதே, அசல் கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-13இல் நார்விச் போனார், லீகில் ஒரு கோல் இல்லை, நடுவில் காலில் எலும்பு முறிவு. அன்றைக்கு இந்த மாதிரி ஒரு இழை இருந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அதனால் வெஸ்ட் ஹாமில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திக்கொள்கிறேன். வயிற்றெரிச்சலை மட்டும் நிறுத்த மாட்டேன்.

ஆஃப்சைடு அண்ணாச்சி (காலை 9:00)

எல்லோரும் கேனையும் பாரட்டையும்தான் சொல்வீர்கள். ஆரன் கானலியை யார் சொல்வது? அவரும் பிரைட்டன், அவரும் அயர்லாந்து. 2019 அக்டோபர், 19 வயது, பிரீமியர் லீகில் முதல் தடவை தொடக்கத்திலிருந்து இறங்கிய ஆட்டம், டாட்டனத்துக்கு எதிராக இரண்டு கோல். அப்புறம் மிடில்ஸ்பரோ, வெனீசியா, ஹல் என்று லோன் மேல் லோன். பிரைட்டன் முதல் டீமுக்குத் திரும்ப வரவேயில்லை. கேன் ஒருவர் என்றால் கானலி பத்துப் பேர். ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு லோன் நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லக் கூடாது.

கடற்காகம்07 (காலை 9:50)

கானலி பெயர் வந்ததும் நெஞ்சில் ஒரு குத்து. அண்ணாச்சி சொல்வது உண்மை. பிரைட்டன் முதல் டீமுக்குத் திரும்ப வருவது என்பதில்தான் எனக்கும் சந்தேகம், அதைத் திறந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முன்வரிசை ஆள் ஜோவா பெத்ரோவை செல்சிக்கு விற்றோம். அப்போது ஃபெர்குசனுக்கு இடம் காலியாகியிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் அதே கோடையில்தான் அவனையும் ரோமாவுக்கு அனுப்பினோம். கோஸ்டூலாஸ், ட்ஸிமாஸ் என்று இரண்டு கிரேக்கப் பையன்கள் வந்துவிட்டார்கள், இரண்டு பேரும் அவனைவிடச் சின்னவர்கள். வெல்பெக் 35 வயதிலும் அடித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கோச் ஹர்ஸலர் ஃபெர்குசனுக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நூறு மில்லியன் என்று பேசிய பையனை அப்போதே விற்றிருக்கலாம் என்று இப்போது சொல்பவர்கள் அப்போது "விற்காதே" என்று கத்தியவர்கள்தான், நானும் அதில் ஒருவன்.

ரோமாபுரி (காலை 10:30)

அப்படியென்றால் இந்த லோன் யாருக்கு? என் கணக்கில் ரோமா போட்டிருப்பது மலிவான பந்தயம். வாங்கும் உரிமை உண்டு, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பையன் ஓடினால் மே மாதம் பணத்தைக் கட்டலாம், ஓடாவிட்டால் திருப்பிவிடலாம். பிரைட்டனுக்கும் 2029 வரை ஒப்பந்தம் இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வந்தால் முழுக்க அவனுக்குத்தான். ஒரு வருஷத்துக்குள் இரண்டு டீம், இரண்டு கோச், இரண்டு நாடு, ஒவ்வொரு இடத்திலும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

காஸ்பெரினிக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம். எங்களுக்கு இப்போது கோல்தான் பஞ்சம். பன்னிரண்டு ஆட்டத்தில் 27 புள்ளியோடு மேலே நின்றோம், அப்புறம் நேப்பிள்ஸிடம் 0-1, காலியாரியிடம் 0-1. டோவ்பிக் காயம். ஜனவரியில் கண்டிப்பாக இன்னொரு ஸ்ட்ரைக்கரைத் தேடுவார்கள். அவனுக்கு இருப்பது இந்த மாதம் மட்டும்தான்.

ராத்திரிக்கண் (காலை 11:15)

ரோமாபுரி, இதைப் படித்தபிறகு நேற்றைய உற்சாகம் கொஞ்சம் இறங்கிவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டாவது கோலை மறுபடி ஐந்தாறு தடவை பார்த்தேன். கடற்காகம் சொன்ன அந்தக் கூடுதல் தொடுதலை அவன் தொடவில்லை. வெஸ்ட் ஹாமில் இருந்தவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். இவன் யோசிக்கவில்லை. எனக்கு அது போதும், லீக் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்சைடு அண்ணாச்சி (மதியம் 12:05)

அதை நானும் பார்த்தேன் தம்பி. மறுக்கவில்லை.

பென்ச்சில் பரமு (மதியம் 12:09)

அண்ணாச்சி மறுக்கவில்லை! யாராவது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லிஃபிக்கரை (மதியம் 2:40)

அடுத்தது கோமோ, திங்கள்கிழமை ராத்திரி. ஃபாப்ரிகாஸ் கோச்சாக இருக்கிற அந்த டீமுக்கு எதிராக முன்னால் நின்று பிரஸ் பண்ணுவது, அதாவது பந்து வைத்திருப்பவர் மேல் போய் நெருக்குவது, சும்மா இல்லை, பந்தைப் பின்னாலிருந்தே சுற்றிச் சுற்றி ஓட வைப்பார்கள். கோல் அடிக்கிறானோ இல்லையோ, நான் பார்க்கப்போவது எழுபதாவது நிமிடத்தில் அவன் எப்படி நடக்கிறான் என்று.

கடற்காகம்07 (மதியம் 2:52)

நானும் கணுக்காலைத்தான் பார்ப்பேன். ஊரில் உங்களுக்கு அது செவ்வாய் விடியற்காலை ஒன்றேகால் மணி. ராத்திரிக்கண், அலாரம் வைத்தாச்சா?

ராத்திரிக்கண் (மதியம் 2:53)

அலாரம் எதற்கு, தூங்கினால்தானே.